ஸாக்ஸபோனும் ஓர் ஆசானும்

கல்கத்தா நகரின் தென்பகுதியில் லேக் கார்டன்ஸ் என்றொரு பேட்டை உண்டு. ரவீந்திர சரோவர் எனப்படும் பெரிய ஏரிக்குத் தெற்கே, பஜ்பஜ் செல்லும் ரயில் பாதையை ஒட்டி அமைந்தது அது. கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்கத் தமிழர் கூடும் லேக் மார்க்கெட்டும் அதிக தூரமில்லை. காலை வேளையில் இப்பேட்டையின் மாடி வீடுகளிலிருந்து ஹார்மோனியத்தின் ஒலியும், சிறுமியர் ஸரிகம பயிலும் குரலும் கேட்கும். வங்காளிகளின் இல்லங்களில் இசைப் பயிற்சி என்பது அடுப்பு மூட்டுவதைப் போன்ற அன்றாடக் காரியம். அதற்காக எவரும் முகஞ்சுளிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான், நாற்பது வயதைக் கடந்த பின்னர், நாம் ஒரு ஸாக்ஸபோனை விலைக்கு வாங்கி ஜாஸ் இசை கற்கத் தொடங்கினோம். நம்பிக்கை சற்று மிகையானது என்பது மூன்றாம் நாளே புலனாயிற்று. கீழ்வீட்டுப் பெரியவர் மிக்க மரியாதையோடு மேலே வந்து, பஜ்பஜ் வண்டி தண்டவாளத்தை விட்டு மாடிப்படி ஏறிவிட்டதோ என்று விசாரித்துச் சென்றார்.

ஸாக்ஸபோன் நேயர்களுக்கு அறிமுகமற்ற வாத்தியமன்று. கல்யாண ஊர்வலங்களின் பாண்டு கோஷ்டியிலும், கத்ரி கோபால்நாத் அவர்களின் கச்சேரிகளிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் ஸாக்ஸ் என்பவர் அதை உருவாக்கி, 1846இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையாலானதாயினும், அதைப் புல்லாங்குழல், கிளாரினெட் ஆகியவற்றின் இனத்திலேயே சேர்ப்பர். ஏனெனில் அதில் ஒலி பிறப்பது ஒரு நாணல் தகட்டின் அதிர்வினால். நம் நாகசுவரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். ஸாக்ஸபோனில் ஒரே தகடு, மௌத்பீஸ் என்னும் ஊதுமுனையின் மீது கட்டப்பட்டு அதிர்கிறது. இரண்டு வாத்தியங்களுமே மேலே குறுகிக் கீழே விரியும் குழல்கள். ஆகவே இரண்டிலும் மூச்சின் அழுத்தத்தை மாற்றினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி பேசும். இந்த உறவு மனத்தில் இருந்தமையால், நாகசுவரம் ஒலிக்கும் மண்ணில் பிறந்த நமக்கு இது எளிதில் வசப்படும் என்று எண்ணினோம்.

ஆசிரியர் இன்றியே தொடங்கினோம். இக்காலத்தில் கணினியைத் திறந்தால் பாடங்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் பார்த்து ஐந்து மாதம் உழைத்தோம். கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் வரவே மறுத்தன, வந்தாலும் கொக்கரித்தன. உதட்டின் குற்றமென்று உதட்டை இறுக்கினோம். மூச்சின் குற்றமென்று வயிறு நோக ஊதினோம். முடிவில், இந்த வயதில் இது நமக்கு வேண்டாத வேலை என்று வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியும் விட்டோம். அப்பொழுதுதான் நண்பர் ஒருவர், நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த முதியவர் ஒருவரிடம் நம்மை அழைத்துச் சென்றார்.

அவர் ஆங்கிலோ இந்தியர். எண்பது வயதைத் தாண்டியவர். இளமையில் பார்க் தெருவின் உணவு விடுதிகளில் இரவுதோறும் ஸாக்ஸபோன் வாசித்தவர். நாம் அவரை மாஸ்டர் என்று அழைப்போம். அவர் நம்மை ‘மேன்’ என்றுதான் அழைப்பார். முதல் நாள் நம்மை ஊதச் சொல்லவில்லை. வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரு சிறிய மின்விளக்கைக் கம்பியில் கட்டிக் குழலுக்குள் மெல்ல இறக்கினார். சாவிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். இருட்டறையில், மூடியிருக்கும் சாவிகளின் விளிம்பில் மூன்று இடங்களில் ஒளி கீற்றாகக் கசிந்தது.

“ஒளி போகிற வழியிலே காற்றும் போகும், மேன். ஐந்து மாதமாக நீ ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறாய்” என்றார்.

நமக்கு அதை விற்ற கடைக்காரர் புத்தம் புதிய வாத்தியம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார். கோபம் ஒரு புறம் இருக்க, நம் உதடும் மூச்சும் குற்றமற்றவை என்று அறிந்த ஆறுதல் பெரிதாக இருந்தது. எத்தனை பாடங்களைப் பார்த்தும் இந்த ஒரு செய்தி நமக்குக் கிட்டவில்லை. ஏனெனில் நம் வாத்தியத்தை எவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. மாஸ்டர் மகாத்மா காந்தி சாலைக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். கல்யாண பாண்டு கோஷ்டிகள் வரிசையாகக் கடை வைத்திருக்கும் சாலை அது. அங்கே ஒரு கைவினைஞர் சாவிகளின் அடியிலுள்ள தோல் வில்லைகளை மாற்றிப் பொருத்தித் தந்தார்.

அதன் பின்னர் பாடம் தொடங்கிற்று. ஒரே ஸ்வரத்தை, மூச்சு முடியும் மட்டும், அசையாமல் நிறுத்த வேண்டும். மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெலிய வேண்டும். மூன்று மாதம் இதுவே பாடம். கீழ்வீட்டுப் பெரியவரின் நிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நேரே ஊதினால் ஓசை அடங்கும் என்பதையும் மாஸ்டரே சொல்லித் தந்தார்.

சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வாங்கியது ஆல்ட்டோ என்னும் வகை. அதில் ஏட்டில் ஸி என்று எழுதியதை வாசித்தால், பியானோவின் ஈ-ஃபிளாட்டாக ஒலிக்கும். நம் வழக்கில் இரண்டரைக் கட்டை. டெனார் வகையில் அதே எழுத்து ஆறரைக் கட்டையில் ஒலிக்கும். கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு இது விளங்குவதில் தடையில்லை. தடை வேறிடத்தில் இருந்தது. ஜாஸில் நான்கு தட்டுக்களுள் கை விழ வேண்டியது இரண்டாவதிலும் நான்காவதிலும். நமக்கோ பிறந்தது முதல் தாளம் முதல் தட்டில்தான் விழும். நாம் தட்டத் தட்ட, மாஸ்டர் ஒன்றும் பேசாமல் நம் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு தட்டு கடந்தபின் விடுவார். இப்படிப் பல வாரங்கள். இருசமமாக எழுதப்பட்ட ஸ்வரங்களை நீட்டியும் குறுக்கியும் ஊசலாட்டமாக வாசிக்கும் ‘ஸ்விங்’ முறையும் அவ்வாறே. அதை எழுத்தில் வடிக்க முயன்றவர்கள் உண்டு. படித்து வாசித்தவர்களின் வாசிப்பு படித்தது போலவே இருக்கும்.

கல்கத்தாவுக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பெயர் பெற்ற டெடி வெதர்ஃபோர்டு என்னும் பியானோ கலைஞர், சௌரங்கியிலுள்ள கிராண்ட் ஹோட்டலில் யுத்த காலத்தில் இசைக்குழு நடத்தினார். 1945இல் இந்நகரிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். அவருடைய குழுவில் நம் நாட்டவர் பலர் அமர்ந்து, அருகிலிருந்து கேட்டே கற்றனர். 1958இல் டேவ் புரூபெக்கின் குழு இந்தியாவுக்கு வந்தது. ஸாக்ஸபோன் வாசித்தவர் பால் டெஸ்மாண்ட். அப்பயணத்தின் நினைவாகப் புரூபெக் இயற்றிய உருப்படிகளுள் ஒன்று ‘கல்கத்தா புளூஸ்’ என்ற பெயர் பெற்றது. பின்னர் பார்க் தெருவின் புளூ ஃபாக்ஸ் விடுதியில், டார்ஜிலிங்கிலிருந்து வந்த லூயிஸ் பாங்ஸும், கோவாவைச் சேர்ந்த ஸாக்ஸபோன் கலைஞர் பிராஸ் கொன்ஸால்வெஸும் வாசித்தனர். மாதாகோயில் பள்ளிகளில் ஸ்வரம் படிக்கக் கற்றுக்கொண்ட கோவாக்காரர்கள் இல்லையேல் இந்நாட்டில் ஜாஸ் இல்லை என்றே சொல்லலாம். எழுபதுகளில் கேளிக்கை வரியும் அரசியல் கொந்தளிப்பும் சேர்ந்து அந்த மேடைகளை வெறுமையாக்கின. பம்பாய்க்குச் சென்றவர்கள் சென்றனர். மாஸ்டரைப் போன்ற சிலர் இங்கேயே தங்கி, வீட்டில் பாடம் சொல்லத் தொடங்கினர்.

அவர் தாம் கற்ற விதத்தைக் கேட்டால் வானொலியைத்தான் சொல்லுவார். அமெரிக்கக் குரல் நிலையத்தில் 1955இல் வில்லிஸ் கொனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கினார். சிற்றலையில் ஒலி கடலலை போல எழும்பி அமிழும். ஒரு முறை கேட்டது மறு முறை கிடைக்குமென்ற நிச்சயமில்லை. ஆகையால் கேட்ட மாத்திரத்தில் வாயால் பாடிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். நம்மையும் அப்படியே பழக்கினார். பாட முடியாத எதையும் வாசிக்க அனுமதி இல்லை. இது அவருடைய தனி வழக்கமன்று. லென்னி டிரிஸ்டானோ என்னும் கண்பார்வையற்ற அமெரிக்க ஆசிரியர், மாணவர்களை லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுக்களோடு சேர்ந்து பாடச் செய்து, பின்னரே வாத்தியத்தைத் தொடவிடுவார். சார்லி பார்க்கரும், 1937ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், லெஸ்டர் யங்கின் தட்டுக்களையே பாடமாக்கிக்கொண்டார். மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்கும் மேலாக உழைத்ததாக, 1954இல் பால் டெஸ்மாண்டுடன் உரையாடுகையில் அவரே கூறியிருக்கிறார். அலுவலகக் கோப்புகளை மொழிபெயர்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் நமக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

இங்கே கத்ரி கோபால்நாத்தை மறுபடி நினைக்க வேண்டும். நாகசுவரக் கலைஞரின் மகனாகிய அவர், மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக இசைக்கு அதைப் பழக்கினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். இவர்கள் ஸாக்ஸபோன் ஆசிரியர்கள் அல்லர். பாட்டைத்தான் கற்பித்தனர், அதைக் குழலில் ஏற்றுவது மாணவரின் பொறுப்பாயிற்று. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டி என்னும் அமெரிக்க ஸாக்ஸபோன் கலைஞரோடு அவர் சேர்ந்து வாசித்தார். எதிர்த் திசையில் வந்தவர் சார்லி மரியானோ. பாஸ்டன் நகரத்து ஆல்ட்டோ கலைஞரான அவர், எழுபதுகளில் இந்தியாவில் தங்கி நாகசுவரம் பயின்றார். தேர்ந்த வித்துவான் ஒருவர் மறுபடி மாணவராக அமர்ந்து சீவாளியை உதட்டில் வைத்தாரே, அதை எண்ணும்போது நம் வயதைப் பற்றிய கூச்சம் சற்றுக் குறைகிறது.

இவ்வளவும் கூறிய நாம், ஒன்றைக் கூறாது விட்டோம். மாஸ்டரின் வாசிப்பை நாம் ஒரு முறையும் கேட்டதில்லை. ஸாக்ஸபோனில் மேல்வரிசை முன்பற்கள் ஊதுமுனையின் மீது ஊன்றி நிற்க வேண்டும். அவருக்கு அவை போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பல்செட்டு அந்த அழுத்தத்தைத் தாங்குவதில்லை. தம் வாத்தியத்தை எப்போதோ விற்றுவிட்டார். பார்க் தெருவில் அவர் எப்படி வாசித்தார் என்பதற்கு இசைத்தட்டும் இல்லை. அவருடைய வாசிப்பு என்று உலகில் இப்போது எஞ்சியிருப்பது, அவர் தொண்டையில் பாடிக் காட்டுவதுதான். முன்பு அவரிடம் வந்த இளைஞர் சிலர், வாசித்துக் காட்டாத ஆசிரியர் எதற்கென்று நின்றுவிட்டனராம். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, “நான் வாசித்திருந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இப்போது உன்னைக் கேட்கிறாய்” என்றார். அதை நாம் முழுதும் ஒப்பவில்லை. ஒரு முறையேனும் கேட்டிருக்கலாம் என்ற ஏக்கம் நமக்கு உண்டு. அவருக்கும் உண்டென்பதை, நம் வாத்தியத்தைத் துடைத்துத் தரும்போது விரல்கள் சாவிகளின் மீது சற்றுத் தங்குவதிலிருந்து அறிவோம்.

சென்ற மாதம் பன்னிரண்டு பார் கொண்ட புளூஸ் ஒன்றை நமக்குக் கொடுத்தார். நான்கு நான்கு தட்டாக நாற்பத்தெட்டுத் தட்டுக்களில் ஒரு சுற்று முடியும். கற்பனைஸ்வரம் பாடி எடுப்புக்குத் திரும்புவது போல, சுற்றுக்குச் சுற்று தலைப்புக்கு வந்து சேர வேண்டும். நாம் அறிந்த ஸ்வரங்களையெல்லாம் கொட்டி மூன்று சுற்று வாசித்தோம். தொலைந்து போகாமல் திரும்பி வந்ததே நமக்குப் பெருமையாக இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் நான்கிலும் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும், முதல் நான்கு பார் மட்டும் நன்றாயிருந்தது என்றும், மறு முறை அடுத்த நான்கு பாரில் ஒன்றும் வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சும்மா இருந்தோம். ரயில் ஒன்று ஏரிப் பக்கமாகக் கூவிச் சென்றது. ஒன்பதாவது பாரில் எங்கே நுழைவது என்பது அப்போது தானாகவே காதில் விழுந்தது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. “மறுபடியும், மேன்” என்றார்.