சிந்திய மைலோவும் உடைந்த விசையும்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலர் என்றால் கல்வியின் சிறப்பு, தாய்மொழிப் பற்று என்று பெரிய தலைப்புகளில் எழுதுவதே வழக்கம். நான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய தலைப்பு. மடிக்கணினியில் ஏதேனும் கொட்டிவிட்டால் என்ன செய்வது? விசை ஒன்று பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது? "இதெல்லாம் ஒரு பேச்சா, டீச்சர்?" என்று கேட்டுவிடாதீர்கள். காரணம் இருக்கின்றது.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் படித்த வீடுகளை நாம் அறிவோம். 500 பள்ளிகளில் 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினி இரவல் தர 'செர்டிக்' திட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இன்று பல வீடுகளில் ஒரு மடிக்கணினி இருக்கின்றது. ஆனால் ஒன்றுதான் இருக்கின்றது! அதுவும் சாப்பாட்டு மேசையில். பக்கத்திலேயே மைலோ கோப்பை. கை பட்டால் போதும், கதை முடிந்தது.

கொட்டியவுடன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், சுவரில் உள்ள சுவிட்சை அடைத்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள். இரண்டாவது, திரையில் முறைப்படி மூடிக்கொண்டிருக்க நேரமில்லை. மின்விசையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மின்கலம் வெளியே கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். மூன்றாவது, மடிக்கணினியைத் திறந்தபடியே கவிழ்த்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு கூடாரம்போல் ஒரு துண்டின்மேல் நிறுத்துங்கள். உள்ளே போனது வெளியே வடியட்டும். குலுக்காதீர்கள், துணியால் ஒற்றி எடுங்கள். நான்காவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்: "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

ஏன்? நனைவதால் மட்டும் கெடுவது குறைவு. நனைந்த இடத்தில் மின்சாரம் ஓடுவதால் கெடுவதே அதிகம். குழாய்த் தண்ணீரில் உப்புகள் கலந்திருக்கின்றன. அவை மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோக இழைகள் அரித்துப் போகும். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு நாளாவது காய விடுங்கள். மைலோ, தே தாரிக் என்றால் காய வைப்பது மட்டும் போதாது. தண்ணீர் ஆவியாகும்; சர்க்கரையும் பாலும் ஆவியாகா. பிசின்போல் உள்ளே ஒட்டிக்கொண்டு அரிக்கும். ஆகவே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், கொட்டியது இன்னதென்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் திறந்து, அதற்கென உள்ள ஆல்கஹாலால் துடைப்பார். அரிசி மூட்டைக்குள் வைப்பது பயன் தராது. மாவுத்தூள்தான் உள்ளே போகும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் பிளாஸ்டிக் வளையும்.

பெற்றோர்களே, இங்கே ஒன்றை உங்கள் காதில் போட விரும்புகிறேன். பிள்ளை பயந்தால் மறைக்கும். மேலாகத் துடைத்துவிட்டு, மூடி, மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கிவிடும். உள்ளே மின்கலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் 'ரோசாக்'! நாம் கையை ஓங்கினால், அடுத்த முறை செய்தி வராது. செத்த கணினிதான் வரும். "கொட்டிடுச்சும்மா" என்று பிள்ளை ஓடிவந்து சொல்லும் வீட்டில்தான் கணினி பிழைக்கும். கணினி மட்டுமா? எல்லாமே பிழைக்கும்.

அடுத்து, உடைந்த விசை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' வழி வந்த அஞ்சல் முறையில் தட்டுபவருக்கு 'ஏ' விசை போனால் 'அம்மா' என்று எழுத முடியாது. தமிழ் 99 முறையில் தட்டுபவருக்கு 'எஃப்' விசைதான் புள்ளி. புள்ளி போன தமிழை யார் படிப்பது?

விசை பெயர்ந்தால் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் மூடிக்குக் கீழே கத்தரிக்கோல்போல் மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும், நடுவில் ஒரு ரப்பர் குமிழும் இருக்கும். துண்டுகளை முதலில் கொக்கிகளில் மாட்டி, மூடியை மேலே வைத்து மெல்ல அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கொக்கியே முறிந்திருந்தால் விசைப்பலகையை மாற்றத்தான் வேண்டும். பசை போட்டு ஒட்டாதீர்கள். அதுவரை வெளி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், ஓ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே விசைப்பலகை தோன்றும்.

இவ்வளவும் செய்யாமல் தூக்கி எறிந்தால் என்ன? ஜெஞ்சாரோம்காரர்களான நமக்கா இதைச் சொல்ல வேண்டும்! 2018 தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவுகளைச் சீனா தடுத்தபோது, உலகத்துக் குப்பை நம் கோலலங்காட்டு வட்டாரத்துக்கு வந்தது. சட்டவிரோத ஆலைகள் எரித்த புகையை நாம்தான் மூச்சாக இழுத்தோம். ஊர் மக்கள் ஓயாமல் குரல் கொடுத்த பிறகே அரசாங்கம் பல ஆலைகளை மூடியது. எறிந்த பொருள் எங்கேயோ போய்விடுவதில்லை. யாரோ ஒருவருடைய வீட்டுப் பக்கம் போய்ச் சேர்கின்றது. நம் நாட்டில் மின்னணுக் கழிவு 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கின்றது. உப்பிய மின்கலத்தைக் குத்தாதீர்கள், எரிக்காதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இன்றிரவே கோப்பையை ஒரு மேசையிலும் கணினியை வேறு மேசையிலும் வையுங்கள். மேசை ஒன்றுதான் என்றால், குடித்து முடித்துக் கையைத் துடைத்துவிட்டுக் கணினியைத் திறங்கள். வருமுன் காப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.