என் அம்பாசிடருக்கே சலுகை வேண்டாம்!

   

அஞ்சுகிராமம் எங்கே இருக்குன்னு பல பேருக்குத் தெரியாது. கன்னியாகுமரியிலே சூரிய உதயம் பார்த்துட்டு, கூடங்குளம் ரோட்டைப் பிடிச்சா நடுவிலே வருமே, அந்த ஊர். குமரி மாவட்டத்தோட கிழக்கு ஓரம். தாண்டினா திருநெல்வேலி மாவட்டம். அங்கே நான் ஒரு ஒர்க்ஷாப் வச்சிருக்கேன். அம்பாசிடர், பத்மினி, பழைய மஹிந்திரா ஜீப்பு, இதுகளைத்தான் பார்க்கிறேன். புது வண்டியைத் திறந்தா உள்ளே கம்ப்யூட்டர் இருக்கு. அது என்னைத் திட்டுது. (சிரிப்பு)

இன்றைய தலைப்பு, ‘பழமையான கார்களுக்குப் புகைச் சோதனையில் விலக்கு தேவையா, தேவையில்லையா?’ நான் ‘தேவையில்லை’ அணியிலே நிற்கிறேன். என் வீட்டுக்காரி கேட்டா, “பழைய வண்டியிலதான கஞ்சி குடிக்கோம்? உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போடுதியளா?”

நடுவர்: அந்த அணியை நாங்க கொடுக்கலை. நீங்களேதான் கேட்டு வாங்கினீங்க!

ஆமாங்கய்யா. நானேதான் கேட்டு வாங்கினேன். ஏன்னு சொல்றேன்.

எனக்கு முன்னாலே பேசின சகோதரர், கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்தைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன், கண்ணிலே ஒத்திக்கலாம். ஆனா ஒரு சந்தேகம். மியூசியத்திலே நிற்கிற காருக்குப் புகைச் சோதனை எதுக்கு? அதுதான் புகையே விடலியே! (கைதட்டல்) நாம பேசுறது ரோட்டிலே ஓடுற காரைப் பற்றி. பின்னாலே ஒருத்தன் சைக்கிளிலே வர்றானே, அவன் மூக்கைப் பற்றி.

அடுத்து அந்தச் சகோதரி, “பழைய காரை இன்றைய அளவுகோலால் அளப்பது அநியாயம்”னு சொன்னாங்க. கேட்க நியாயமா இருக்கு. ஆனா யாரும்மா அப்படி அளக்கிறா? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லே 115-ஆம் விதியைப் பாருங்க. பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காரை ஐட்லிங்கிலே விட்டுப் பார்த்தா, புகையிலே கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்கு மேலே இருக்கக் கூடாது. பாரத் ஸ்டேஜ் வருவதற்கு முன்னாலே செஞ்ச பழைய காருக்கு 3 சதவீதம் வரைக்கும் போகலாம். பத்து மடங்கு! ஹைட்ரோகார்பன் அதுக்கு 200 அலகு, இதுக்கு 1,500. டீசலிலே, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு ஒரு மீட்டர் காட்டும். சுத்தமா இருந்தா பூஜ்யம், இருட்டடிச்சா நூறு. பாரத் ஸ்டேஜ் 4-க்கு 50, பழசுக்கு 65. ஆக, கிழவனைக் கிழவன்னு தெரிஞ்சுதான் அரசாங்கம் ஓடச் சொல்லுது. அவன் மெதுவா நடந்து வந்தாலே பாஸ். அதுக்கும் மேலே, நடக்கவே மாட்டேன், மார்க் மட்டும் போடுன்னா எப்படி? (சிரிப்பு, கைதட்டல்)

வெளிநாட்டிலே விலக்கு இருக்கேன்னு சொன்னாங்க. இருக்கு. அமெரிக்காவிலே கலிபோர்னியாவிலே 1975 மாடலும் அதுக்கு முந்தினதும் புகைச் சோதனைக்கு வர வேண்டாம். இங்கிலாந்திலே 2018 மே மாதத்திலிருந்து 40 வருஷம் தாண்டின கார் வருடாந்தரச் சோதனைக்கு வர வேண்டியதில்லை. ஆனா வண்டியைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. ஒத்துக்கிடுறேன். அங்கே அந்த வண்டி ஞாயித்துக்கிழமை வண்டி. தொடைச்சு, துணி போட்டு மூடி, வெயில் அடிச்சா வெளியே எடுக்கிறது. நம்ம அம்பாசிடர் அப்படியா? உத்தர்பாராவிலே 1958-லே ஆரம்பிச்சு 2014 மே வரைக்கும் செஞ்சாங்க. கல்யாணப் பொண்ணு, பிரசவ வலி, சபரிமலை, ஆஸ்பத்திரி, கடைசியிலே பிணம், எல்லாம் அதிலேதான் போச்சு. நம்ம ஊரிலே பழைய கார்னா அது உழைக்கிற கார்.

இப்போ என் வண்டி கதைக்கு வாறேன். அப்பா டாக்ஸி டிரைவர். 1974 மாடல் அம்பாசிடர். கம்பெனியிலே வந்தது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். பெட்ரோல் விலை கட்டுப்படியாகலேன்னு 1986-லே அதைத் தூக்கிப் போட்டுட்டு, உடைஞ்ச மெட்டடார் வேன் ஒண்ணிலேருந்து டீசல் என்ஜினை எடுத்து மாட்டினார். அனுமதி வாங்கி, ஆர்.சி. புக்கிலே ஏத்தி, முறையாத்தான் செஞ்சார். தெக்கே எத்தனையோ டாக்ஸிக்காரங்க அப்படிச் செஞ்சாங்க. அந்த என்ஜின்தான் என்னைப் படிக்க வச்சுது, தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துது. பிற்பாடு டாக்ஸி போர்டை எடுத்துட்டு சொந்த வண்டியா மாத்தினோம்.

2021 ஜூலையிலே மத்திய அரசு ஒரு விதி போட்டது. 50 வருஷம் தாண்டின வண்டி, அசல் வடிவத்திலே இருக்கணும். சேஸிஸ், பாடி, என்ஜினைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினா ‘வி.ஏ.’ எழுத்து போட்ட நம்பர், 10 வருஷத்துக்கு. கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம். தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. 2024-லே எங்க வண்டிக்கு 50 வயசு ஆச்சு. தம்பி சந்தோஷமா ஓடி வந்தான், “அண்ணே, நமக்கும் வி.ஏ. நம்பர் வாங்கிருவோம்”னு. பானட்டைத் திறந்து காட்டினேன். மெட்டடார் என்ஜின் சிரிச்சுது! (சிரிப்பு)

அதாவது, பங்களாவிலே ஓடாம நின்ன கார் பாரம்பரியச் சின்னம். ஓடி ஓடிக் குடும்பத்தைக் காப்பாத்தின கார் கணக்கிலே வராது. இந்த வருத்தம் எனக்கு இல்லேன்னு சொன்னா பொய். எதிரணிக்காரங்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டு, “மாத்தின காருக்கும் சேர்த்து விலக்கு கொடு”ங்கிறாங்க. எனக்காகப் பேசுறாங்க. ஆனாலும் நான் வேண்டாம்கிறேன்.

ஏன்னா, ‘மாத்தின கார்’ங்கிற கதவைத் திறந்தா என் அப்பா மட்டுமா உள்ளே வருவார்? சைலன்சரைப் பிடுங்கிட்டு, பம்பைக் கூட்டி வச்சு, கரும்புகையைக் கக்குறதையே கெத்துன்னு நினைக்கிற ஜீப்புக்காரப் பயலுகளும் வருவான். பக்கத்துக் கேரளத்திலேருந்து போன வழக்கிலே, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. அதே வருஷம் திருத்தின சட்டத்திலே, மாத்தத்துக்கு ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அவ்வளவு கடுமை காட்டியும், போன வாரம்கூட ஒருத்தன் என்கிட்டே வந்து, “அண்ணே, புகை இன்னும் கொஞ்சம் கறுப்பா வரணும்”னு கேட்டான். கேக்குக்கு ஐஸிங் மாதிரி! (சிரிப்பு)

நடுவர்: நீங்க என்ன செஞ்சீங்க?

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டேங்கய்யா. ஆனா, ஒரு காலத்திலே செஞ்சிருக்கேன். இந்த மேடையிலே அதைச் சொல்லத்தான் வந்தேன். புகைச் சோதனைக்கு முன்னாலே பம்பு ஸ்க்ரூவைக் குறைச்சு வைக்கிறது. வண்டி இழுக்காது, ஆனா புகையும் வராது. சர்டிபிகேட் வாங்கின கையோடு திருப்பி வைக்கிறது. பெட்ரோல் வண்டின்னா கார்புரேட்டர் ஸ்க்ரூ. அஞ்சு நிமிஷ வேலை. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. ஒரு சோதனைக் கடையிலே (ஊரும் பேரும் வேண்டாம்) வண்டியைக் கொண்டு போகாமலே, நம்பரை மட்டும் சொல்லி, அப்பா வண்டிக்கு சர்டிபிகேட் வாங்கினேன். நான் மட்டும்தான் இப்படியான்னு நினைச்சா, தலைநகரத்திலேயே இதுதான் கதை. 2025-லே டெல்லி சட்டமன்றத்திலே வச்ச தணிக்கை அறிக்கையிலே, ஒரே சென்டரிலே ஒரே நேரத்திலே ஒண்ணுக்கு மேலே வண்டிகளைச் சோதிச்சதா பதிவு இருக்குன்னு எழுதியிருக்கு.

2003. என் மகளுக்கு எட்டு வயசு. இளைப்பு. ராத்திரி உட்கார்ந்தே தூங்கும் பிள்ளை. நாகர்கோவிலுக்கு டாக்டர்கிட்டே கொண்டு போனோம், அதே அம்பாசிடரிலே. “வீட்டிலே யாராவது பீடி, சிகரெட்?” இல்லைன்னேன். “விறகடுப்பா?” கேஸுன்னேன். பக்கத்திலே நின்ன நர்ஸம்மா பிள்ளையைத் தூக்கி மேஜையிலே உட்கார வச்சாங்க. யூனிபார்மை மோந்து பார்த்துட்டு, “என்ன, டீசல் மணக்குது?”ன்னாங்க.

அவ்வளவுதான் கேட்டாங்க. நான் வெளியே வந்து, வண்டிக்குள்ளே குனிஞ்சு, பின் சீட்டுக்கு அடியிலே கிடந்த மேட்டைத் தூக்கினேன். தகரம் துருப்பிடிச்சு, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதுக்கு நேர் கீழே சைலன்சர் பைப்பு வெடிச்சிருந்துது. தினமும் காலையிலே, “நம்ம காரிலே பள்ளிக்கூடம் போறா என் மகள்”னு பெருமையா அந்த இடத்திலேதான் உட்கார வச்சேன். அவ பேரிலே வரவேண்டிய புகைக்கு நான் சர்டிபிகேட் வேறே வாங்கி வச்சிருந்தேன். மெக்கானிக் நான்! (அரங்கில் அமைதி)

இளைப்புக்கு அதுதான் காரணம்னு டாக்டர் சொல்லலே. நானும் சொல்ல வரலே. ஆனா டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லே தீர்மானமாச் சொல்லிட்டுது. அப்பா அதுக்கும் ஒரு சமாதானம் வச்சிருந்தார். “எலே மக்கா, ஆரல்வாய்மொழிக் காத்து அடிக்க அடியிலே புகையெல்லாம் கடலுக்குப் போயிரும்லே!” காத்து உண்டு, முப்பந்தல் காத்தாடியே சாட்சி. காருக்குள்ளே காத்து எங்கே அடிக்குது?

அன்றைக்கு ஒர்க்ஷாப்பிலே வண்டியை ஏத்தினேன். நாலு நாஸிலும் புதுசு. பம்பைக் கழட்டி முறையா கேலிபரேஷன். வால்வு கேப், ஏர் ஃபில்டர், புது சைலன்சர், தரைத் தகரம் வெல்டிங். அதுக்கப்புறம்தான் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சு, நிஜமா சோதனை கொடுத்தேன். 65-க்குள்ளே சுகமா நின்னுது. மைலேஜும் கூடிச்சு; அப்பா அதைத்தான் ஊரெல்லாம் சொன்னார்.

ஆகையாலே விலக்கு வேண்டாம்கிறேன். அதே மூச்சிலே இன்னொண்ணும் சொல்லிருதேன். வயசுக்காக விலக்கும் வேண்டாம், வயசுக்காகத் தண்டனையும் வேண்டாம். காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரலிலே 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்டிலே, 20 வருஷம் தாண்டினா 10,000. பத்தாயிரம் கட்டினா புகை வெளுக்குமா? அந்தக் காசிலே நாலு நாஸில் மாத்தலாமே!

என்னைப் போல என்ஜின் மாத்தினவனுக்கு என்ன வழின்னு கேட்பீங்க. கலிபோர்னியாவையே எடுத்துக்கிடுங்க. 1976-க்குப் பிந்தின பெட்ரோல் காரிலே வேறே என்ஜின் வச்சா, அது அந்தக் காரோட வருஷத்து என்ஜினா, இல்லே அதைவிடப் புதுசா இருக்கணும். அந்த என்ஜினுக்கு உரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் ஒண்ணு விடாம இருக்கணும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட தனியா ஒரு ஆள் உண்டு. அவருக்கு என்ன பேரு தெரியுமா? ரெஃபரி! நடுவர்! (பலத்த கைதட்டல்) அய்யா, அந்த மாதிரி ஒரு நடுவரை நாகர்கோவிலிலே ஒருத்தர், மார்த்தாண்டத்திலே ஒருத்தர் போடுங்க. உள்ளே என்ன என்ஜின் இருக்கோ அதுக்கு உள்ள அளவு வச்சு, வண்டியைக் கண்ணாலே பார்த்துச் சோதிக்கட்டும். தேறினா ஓடட்டும், தேறலேன்னா ஒர்க்ஷாப்புக்கு வரட்டும். என் வீட்டுக்காரிக்கும் சோறு கிடைச்சிரும். (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க. நான் இங்கே வந்ததும் அந்த அம்பாசிடரிலேதான், வாசலிலே நிக்குது. எதிரணி நண்பர்கள் யாராவது திருநெல்வேலிப் பக்கம் வரணும்னா பின் சீட்டு காலியா இருக்கு. தரை கெட்டியா இருக்கு.