வீடு யாருக்குச் சொந்தம்?



"சிக்கனமாக இருப்பவன் வீடு கட்டுவான், ஊதாரி வாடகைக்கு இருப்பான்" என்று நமக்குப் புத்தி சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் 2011 ஜனத்தொகைக் கணக்கைப் பார்க்கட்டும். இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. நகரங்களிலோ 69தான், 27க்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை கொடுத்தன. அப்படியானால் கிராமத்து ஏழை சிக்கனக்காரன், நகரத்து ஏழை ஊதாரியா? கணக்கில் மண் சுவரும் கீற்றுக் கூரையும்கூடச் சொந்த வீடுதான்!

சுவரை நாம் எழுப்பிவிடலாம். மனை யாருடையது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சைப் பண்ணையாள் தன் கையால் குடிசை கட்டினான். மனை மிராசுதாருடையது. கூலி உயர்வு கேட்டால் காரியஸ்தன் வந்து, "குடிசையைப் பிரி" என்பான். வாய் திறந்தால் வேலையும் போகும், வீடும் போகும். மில் லயனில் குடியிருந்தவன் கதியும் அதுதான். அதனால்தான் குடிமனைக்காக இவ்வளவு போராட வேண்டியிருந்தது. 1971ல் வந்த குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே உரிமையாக்கியது. மனை தன்னுடையதான பிறகு கூலி பேசுகிறவனின் குரலே வேறு!

நகரத்தில் மனை விலை கூலியைவிட வேகமாக ஓடுகிறது. ரோடு போடுவது, தண்ணீர்க் குழாய் பதிப்பது எல்லாம் நம் வரிப்பணத்தில். விலை ஏற்றம் மட்டும் மனைக்காரனுக்கு. கடன் வாங்கலாமே என்பார்கள். 20 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 18,000 ரூபாய். முடியும்போது 43 லட்சம் கட்டியிருப்போம். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை! அந்தக் கடனும் மாதச் சம்பளச் சீட்டு உள்ளவனுக்குத்தான் சுலபம். காண்டிராக்ட் தொழிலாளி எந்தச் சீட்டைக் காட்டுவான்? ஆகவே அவன் அட்வான்ஸைக் கொடுத்து ஒண்டுக் குடித்தனம் போகிறான்.

வாடகை என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டுமா? ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பாருங்கள். அங்கே தொழிலாளர் கட்சியின் நகரசபை 1923ல் வீட்டு வரி போட்டது. பெரிய மாளிகைக்காரன் தலையில் பெரிய பங்கு விழுந்தது. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். துணி துவைக்கும் கூடமும் குழந்தைகள் பள்ளியும் உள்ளேயே. எல்லாம் வாடகை வீடுகள். ஆனால் லாபம் தேடும் சொந்தக்காரன் இல்லை.

1934 பிப்ரவரியில் அரசாங்கம் அந்தக் குடியிருப்பின்மேல் பீரங்கியால் சுட்டது, நகரசபையையும் கலைத்தது. வீடுகள் நின்றன. இன்றும் வியன்னா ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நகரசபை வீட்டில் வாழ்கிறார்.