ராட்டினத்தில் உட்கார்ந்த பூனைக்குட்டி



'கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பேப்பரில் அரியர் வைத்தவன் நான். (சார் முன்வரிசையில் சிரிக்கிறார்.) ஃபீட்பேக் என்று அவர் போர்டில் போட்ட வட்டம் எனக்கு விளங்கியது, மகள் பிறந்த பிறகுதான்.

அவளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வாங்கிவந்தேன். "எதுக்குடா இது? தரையில விடு, தானா தவழும்" என்றார் அம்மா. இன்ஜினியர் கேட்பானா? நாலாம் நாள் வண்டி வாசற்படிவரை உருண்டு, கவிழ்ந்தது. நெற்றியில் 3 தையல்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாகச் சின்ன ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து சுற்றும். மற்றது தொட்டியில் உட்கார்ந்தபடி அதே சுற்றுச் சுற்றும். தினமும் 3 மணி நேரம். இரண்டும் பார்த்தது ஒரே கோடு போட்ட சுவரைத்தான். ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. தரையருகே இறக்கினால் முன்னங்காலை நீட்டியது. சவாரி செய்த குட்டிக்கு இரண்டும் வரவில்லை! கண்ணில் கோளாறு இல்லை. தான் அசைந்ததால் காட்சி மாறியது என்ற கணக்கு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. சார் போட்ட வட்டம் மூடவில்லை, அவ்வளவுதான். வெளிச்சத்தில் 48 மணி நேரம் ஓடவிட்டதும் சரியாகிவிட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் என் மகள் சவாரி செய்யவில்லையே, தானே உந்தித்தானே போனாள்? இங்கேதான் நான் தடுமாறினேன். 1992-ல் ஜோசப் காம்போஸ் குழுவினர், கண்ணாடி மூடிய பள்ளத்தின் மேல் குழந்தைகளை இறக்கிப் பார்த்தார்கள். தவழ்ந்து பழகியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியது. தவழாமல் வாக்கரில் பழகியவர்களுக்கும் கூடியது. ஆக, வாக்கரும் பயத்தைக் கற்றுத்தரத்தான் செய்கிறது. ஆனால் அது பழகப் பழக வருவது. அவளுக்குக் கிடைத்தது நாலே நாள். அதற்குள் சக்கரம் வேகத்தைக் கொடுத்துவிட்டது. பிரேக்கும் இல்லை, தட்டு மறைப்பதால் தன் கால் தனக்கே தெரிவதும் இல்லை. கனடாவில் 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

நம் பழைய நடைவண்டியைப் பாருங்க. எழுந்து நிற்கத் தெரிந்த பிறகுதான் அதைத் தள்ளவே முடியும். கைவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அம்மா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது அதைத்தான்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. இன்று காலை நம் ஹாஸ்டல் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். கையை நீட்டாமல் கீழே நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.