டின்னா, போத்தலா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



திடலில் ஓடிக் களைத்ததும் பிள்ளைகள் கடைக்கு ஓடுகிறீர்கள். அங்கே பானம் அலுமினிய டின்னிலும் இருக்கிறது, பிளாஸ்டிக் போத்தலிலும் இருக்கிறது. எதை வாங்குவது? "டின்தான் ஐயா நல்லது, வித்தா காசு வரும்" என்பான் ஒரு தம்பி. அவன் சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதியைக் கேளுங்கள். அலுமினியம் பாக்சைட் என்னும் மண்ணிலிருந்து பிறக்கிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 4 டன் பாக்சைட் தோண்ட வேண்டும். பிறகு, கிலோ ஒன்றுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். 2015-இல் குவாந்தான் வட்டாரத்தில் பாக்சைட் தோண்டினார்களே, சடக்கெல்லாம் செந்தூசி! ஆறும் கடலோரமும் சிவந்து போயின. 2016 ஜனவரியில் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது.

போத்தல் எப்படி? அதைச் செய்வது சுலபம்; தொல்லை பிற்பாடு வருகிறது. மறுபடி உருக்கினால் தரம் குறைகிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பை வாங்குவதை நிறுத்தியதும், வெளிநாட்டுக் குப்பை நம் மலேசியாவில் வந்து குவிந்தது. கோல லங்காட், ஜெஞ்சாரோமில் அனுமதியில்லாத ஆலைகள் எரித்த புகையால் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமா?

ஆக, டின் பிறக்கும்போது துன்பம் தருகிறது. போத்தல் வீசிய பிறகு துன்பம் தருகிறது.

ஆனால் பழைய டின்னை உருக்குவதற்கு, புது அலுமினியத்துக்கு ஆகும் சக்தியில் 100-க்கு 5 பங்கு போதும். தரமும் குறையாது. அதனால்தான் தம்பி சொன்னது பாதி சரி என்றேன். டின்னைத் திருப்பிக் கொடுத்தால் அது நல்லது. கால்வாயில் வீசினால் எல்லாம் போச்சு!

பெற்றோர்களே, வீட்டுப் பின்புறம் ஒரு சாக்கு மாட்டி வையுங்கள். டின்னை நசுக்கிப் போடுங்கள். ஏறக்குறைய 70 டின் சேர்ந்தால் ஒரு கிலோ. போத்தலைக் கழுவித் தனியாகச் சேருங்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள், அந்தப் புகையை உங்கள் பிள்ளைதான் மூச்சிழுக்கிறது. வெளியே போட்டுவைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும்.

இரண்டையும்விட நல்லது ஒன்று உண்டு. பால் வெட்டப் போன நம் பெரியவர்கள் வரக்கோப்பியைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனார்கள். மறுநாளும் அதே போத்தல்தான். நாளைக் காலை உங்கள் பிள்ளையின் பையிலும் அப்படி ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். கழுவுங்கள், நிரப்புங்கள், அனுப்புங்கள்.