சூரியனைச் சுற்றி என்ன நடக்கிறது?

(திருச்சியில் தொழிலாளர் வகுப்பொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2019 டிசம்பர் 26 காலை, இந்தத் திருச்சியிலே சூரியன் மோதிரம்போல் நின்றது. கிரகணம் விட்டதும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் முழுக்குப் போடுவது நம் ஜனங்களின் வழக்கம். விஞ்ஞானியின் ஏக்கமோ வேறு. முழுக் கிரகணமாயிருந்தால்தான் சூரியனைச் சுற்றியுள்ள 'கரோனா' என்ற வாயு மண்டலம் கண்ணுக்குத் தெரியும். ஒரு விளிம்பு மிஞ்சினாலும் அந்த வெளிச்சம் அதை விழுங்கிவிடும்.

சூரியனின் மேற்பரப்பில் சூடு சுமார் 5,500 டிகிரி. அதற்கு வெளியேயுள்ள கரோனாவிலோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல்! அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும் என்பதுதானே நாம் கண்டது? இங்கே தலைகீழ். காந்த சக்தியின் வேலை என்கிறார்கள். முழு விவரம் இன்னும் பிடிபடவில்லை.

அந்தக் காந்த முறுக்கு அறும்போது கோடிக்கணக்கான டன் மின்னேறிய வாயு பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. பூமியை நோக்கி வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், மூன்று நாள் பயணம். 1989 மார்ச் 13 அன்று அப்படி வந்த புயல், கனடாவின் கியூபெக் மாகாண மின்சார அமைப்பை ஒன்றரை நிமிஷத்தில் சாய்த்தது. 60 லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். 2024 மே மாதத்திலும் பெரும் புயல். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில், விதைப்பு நேரத்தில், செயற்கைக்கோள் வழிகாட்டும் டிராக்டர்கள் திசை தெரியாமல் நின்றன.

திருச்சியும் கியூபெக்போல் இருண்டுவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. நாம் துருவத்துக்கு வெகுதூரம். ஆனால் புயல் மழையை முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோள்களும், மீனவர் கையிலுள்ள வழிகாட்டிக் கருவிகளும் அந்த அடியைத் தாங்கியாக வேண்டும்.

இந்த ஆராய்ச்சி நம் நாட்டில் வேரூன்றிய கதையைக் கேளுங்கள். 1876-78 பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது. மழை பொய்த்ததற்குச் சூரியன் காரணமா என்று பார்க்கச் சொன்னது வெள்ளைக்கார சர்க்கார். நிலவரியை ஆராய எந்தத் தொலைநோக்கியும் வாங்கவில்லை! அப்படி 1899-ல் எழுந்ததுதான் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம். ஆனாலும் உழைப்பு வீண்போகவில்லை. நூறாண்டுக்கு மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் இன்று உலக விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. 2024 ஜனவரி 6 அன்று அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் தன் இடத்தை அடைந்தது. அங்கே இரவில்லை. அதன் ஒரு கருவி சூரிய வட்டத்தைத் தானே மறைத்து, வேண்டும்போதெல்லாம் கிரகணம் உண்டாக்கிக் கரோனாவைப் பார்க்கிறது.

புயல் கிளம்பியது தெரிந்தால், அந்தச் செய்தி முதலில் யாருக்கு? மின்வாரியத்துக்கும் பாங்கிக்கும் போகிற அதே நேரத்தில், கடற்கரைக் குப்பத்துக்கும் தமிழில் போக வேண்டும் என்று கேட்கிறோம். மின்சாரம் நின்று ஆலை நின்றால், சூரியன்மேல் பழி போட்டு அன்றையக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்றும் கேட்கிறோம்.