கோபத்தின் எதிரே நிற்கப் பழகுவோம்

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோபத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று என் துணைவியாரைக் கேட்டால் சிரிப்பார். பல்லாண்டு காலம் கோபக்காரனாக இருந்ததுதான் என் தகுதி.

நான் தோட்டத்தில் பிறந்தவன். வேலையில் வாங்கிய ஏச்சை அப்பா லயத்துக்குக் கொண்டுவந்து எங்கள் மேல் இறக்குவார். பட்டணத்துக்கு வந்த பின்னும் அந்தச் சுமையை நான் இறக்கி வைக்கவில்லை. மகன் தாமதமாக வந்தால் வாசலிலேயே கத்துவேன். ஒருநாள் அவன் தன் தாயிடம், "அப்பா தூங்கின பிறகுதாம்மா நான் வீட்டுக்கு வருவேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகே மனநல ஆலோசகர் ஒருவரை நாடினேன்.

வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அதை எப்படிப் பழகுவது? தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இல் எழுதிய நூலில் அச்சத்துக்கு ஒரு வழி சொன்னார்: உடலைத் தளர்த்திக்கொண்டு, சிறிய அச்சத்திலிருந்து பெரியதுவரை படிப்படியாக எதிர்கொள்வது. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாக்கோ 1975-இல் வெளியிட்ட நூலில், கோபத்துக்கும் படிப்படியான பயிற்சி முறை ஒன்றை விளக்கினார்.

நான் ஏழு படிகள் எழுதினேன். முதற்படி, ஆறிப்போன தேநீர். நடுப்படி, சாலையில் குறுக்கே புகும் மோட்டார் சைக்கிள். கடைசிப் படி, மகனின் தாமதம். கண்ணை மூடி முதற்படியை நினைப்பேன். நெஞ்சு சூடாகும். எழுந்து ஓடுவதில்லை, கத்துவதுமில்லை. தோளைத் தளர்த்தி, மூச்சை மெல்ல விட்டு, சூடு தணியும்வரை அங்கேயே இருப்பேன். அந்தக் காட்சி சூடின்றி வந்த பிறகே அடுத்த படி. கற்பனையில் வென்றதை நேரிலும் பழகினேன்.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் குறையும் என்பார்கள். 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் அதிகமானோரின் விவரங்களோடு, தொகுத்துப் பார்த்து 2024-இல் வெளிவந்த கட்டுரை அதை மறுக்கிறது. கொட்டுவதால் குறைவதில்லை, மூச்சுப் பயிற்சி, தியானம் போன்று உடலை அமைதிப்படுத்துபவையே குறைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. கை நீட்டும் பழக்கம் உள்ளவர்கள் தாமாக இதை முயலாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடி வாங்குபவர்கள் பொறுத்துப் பழகுவதற்கான பயிற்சியும் அல்ல இது. அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

சில மாதங்கள் கழித்து ஓரிரவு மகன் தாமதமாக வந்தான். நெஞ்சு சூடானது. மூச்சை விட்டேன். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். அவன் சற்று நின்று, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். இன்றும் சில நாள் சறுக்குகிறேன். மறுநாள் மீண்டும் பழகுகிறேன்.

அன்பர்களே, பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டாம். திருவிழா நாளில் கார் நிறுத்துமிடமும் அன்னதான வரிசையுமே போதும்!